மருந்து நோட்டில் இல்லாத கட்டம்

என் கணவருக்கு இளைப்பு உண்டு என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே அவருடைய அக்கா எங்களிடம் சொல்லிவிட்டார். "பனிக்காலத்துல கொஞ்சம் வீசிங் வருமுங்க, மத்தபடி ஒண்ணுமில்லைங்க" என்றார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று என் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருபத்து நான்கு வருடம் கழித்து, போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில், அது எவ்வளவு என்று தெரிந்தது.

நான் நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மஸ்டரில் ஆட்களின் வருகையை எழுதுவது, பழம் எடுத்த பெட்டிகளைக் குறிப்பது, காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவை எழுதுவது, இவை என் வேலைகள். எல்லோரும் ரைட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மழை அளவை வாட்ச்மேன் பார்த்துச் சொன்னால் நான் எழுத மாட்டேன். செருப்பு நனைந்தாலும் நானே போய்க் குனிந்து பார்த்துத்தான் எழுதுவேன். வீட்டில் தனியாக ஒரு டைரியும் உண்டு. அதில் அன்றைய சமையல், வந்தவர்கள், குளிர், உடம்புக்கு வந்தது போனது எல்லாம் இருக்கும். ஒருநாள்கூட விட்டதில்லை.

கணவர் பஸ் கண்டக்டர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும், சில டிரிப் நாகலூர் வரைக்கும். ஒரே நாளில் நாலு தடவை வெயிலுக்கு இறங்கி, நாலு தடவை குளிருக்கு ஏறுவார். "கீழ வேர்வை, மேல மூக்கொழுகல், இதுதான் நம்ம சம்பளம்" என்று சிரிப்பார். நீல நிற இன்ஹேலர் பம்ப் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். மூச்சு இறுகும்போது இரண்டு தடவை அடித்துக்கொள்வார், சரியாகிவிடும். வருடக்கணக்காக அப்படித்தான் ஓடியது.

அந்த ஐப்பசி மத்தியானம் நடந்ததை டிரைவர் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரும் என் கணவரும் பத்து வருடமாக ஒரே வண்டி.

"பாதி மலை ஏறியாச்சுங்க தங்கச்சி. ஒரு ஸ்டாப்புல நிறுத்தினேன், ஆளு இறங்கியாச்சு, விசில் வரலை. 'என்னப்பா தூங்கிட்டியா'ன்னு கத்தினேன். அப்பவும் வரலை. கண்ணாடியில பார்த்தா கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறாரு. விசில் வாயில இருக்குது. ஊத முடியலைங்க. உதடு நீலமா இருந்துச்சு."

"பம்ப் அடிக்கலீங்களா?"

"அடிச்சாரு. காலியாங்க அது. சும்மா புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு. அப்புறம் நான் எங்கயும் நிறுத்தலை. ஏற்காடு ஆஸ்பத்திரி வாசல்லதான் பிரேக் போட்டேன். இறங்க வேண்டியவங்க எல்லாரும் அங்கதான் இறங்கினாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலைங்க. ஒரு கிழவி மட்டும், 'கண்டக்டர் தம்பிய உள்ள கொண்டு போங்க, நான் நடந்துக்கறேன்'னுச்சு."

ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. இன்னொரு தடவை இப்படி வந்தால் மலைப்பாதையில் ஆஸ்பத்திரி வரை தாங்குமா என்று சொல்ல முடியாது என்று அங்கிருந்த டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலைதான். அந்த இன்னொரு தடவை வரக்கூடாது.

சேலத்தில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் காட்டினோம். என்னைவிட வயதில் சின்னவர், பெண். பொறுமையாகச் சொன்னார். நீல பம்ப் மூச்சுக்குழாயை அந்த நேரத்துக்குத் திறந்துவிடும், உள்ளே இருக்கிற வீக்கத்தை ஒன்றும் செய்யாது. இப்போது தருகிற வட்ட டப்பியில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கிறது. ஒன்று வீக்கத்தைக் குறைக்கும், இன்னொன்று குழாயை நெடுநேரம் திறந்து வைக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நன்றாக இருந்தாலும் நிறுத்தக்கூடாது. டப்பியின் ஓரத்தில் விசை மாதிரி இருக்கிற நெம்பைத் தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், ஒரு வேளை மருந்துத் தூள் தயாராகும். வாயில் வைத்து வேகமாக உள்ளே இழுக்க வேண்டும். எத்தனை வேளை மிச்சம் என்று டப்பியிலேயே எண் தெரியும். அந்த எண் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நாங்கள் எழுந்து கதவருகே போனபோது, "இழுத்து முடிச்சதும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க" என்றார். சரிங்க என்றோம். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார்.

அன்று சாயங்காலமே நூறு பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, காலை, மாலை, டப்பியில் மிச்சம், ஊதிய அளவு, குறிப்பு. ஊதிய அளவு என்பது டாக்டர் கொடுத்த சின்னக் குழாயில் பலமாக ஊதினால் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. அதைக் காலையில் என் முன்னால் ஊதுவார். முதல் நாள் இருநூற்று முப்பது. இரண்டே மாதத்தில் முந்நூற்று எண்பது வந்தது. தை பிறக்கும் முன்பே அவர் வீட்டு மேட்டை ஏறி, மூச்சுக்கு நிற்காமல் பேசினார். நான் நிம்மதியாகத் தூங்கிய மாதங்கள் அவை.

எங்கள் வீடு எஸ்டேட் குவார்ட்டர்ஸ். முன்னறை, அடுப்படி, பின்னால் குளிக்கிற அறையை ஒட்டி ஒரு சிறு அறை. அவருக்கு முதல் டிரிப் என்றால் ஐந்து மணிக்கு எழுவார். பின்னறையில் மருந்தை இழுப்பார். நான் அடுப்படியில் டீயும் டிபனும் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கிருந்து 'டக்' என்று சத்தம் கேட்கும். ஈரக்கையைத் துடைத்துவிட்டு நோட்டில் டிக் போடுவேன். பிறகு டப்பியின் எண்ணைப் பார்ப்பேன். என் கணக்கும் அதுவும் ஒருநாளும் மாறியதில்லை.

பிப்ரவரி கடைசியில் ஊதிய அளவு முந்நூற்று ஐம்பதானது. மார்ச்சில் முந்நூறு. விடிகாலை இருமல் திரும்ப வந்தது. ஏப்ரலில் டாக்டரிடம் போனோம். அவர் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா எழுதி எடுத்துட்டு வந்தவங்களை நான் பார்த்ததே இல்லைங்க" என்றார். பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் வெட்கப்பட்டேன், சந்தோஷமும் பட்டேன். ஒரு வேளைகூட விடவில்லை, அப்படியும் அளவு இறங்குகிறது என்றால் மருந்து போதவில்லை என்று முடிவு செய்து, அதே டப்பியில் கூடுதல் வீரியமுள்ளதை எழுதிக் கொடுத்தார்.

அதற்கும் கேட்கவில்லை. ஜூனில் ஒரு தடவை மூச்சு முட்டி, ஒரு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டார். முகம் உப்பியது. தூக்கம் போயிற்று. எந்நேரமும் பசி. சர்க்கரை ஏறிவிட்டது என்று ரத்தப் பரிசோதனையில் வந்தது. அவருடைய அண்ணன் சர்க்கரையில்தான் ஒரு கால் விரலை இழந்தவர். ஜூலையில் மறுபடி ஒரு வாரம் மாத்திரை. "அடுத்த தடவை வாங்க. இப்படியே இருந்தா தினமும் மாத்திரை ஆரம்பிக்கறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை" என்றார் டாக்டர். அடுத்த தடவை என்பது ஆகஸ்ட் இரண்டாம் வியாழன்.

அந்த வியாழனுக்கு ஐந்து நாள் முன்னால், சனிக்கிழமை, அவருடைய காக்கிச் சட்டையை ஊறப்போடும்போது பையில் ஒரு நீல பம்ப் கிடைத்தது. வீட்டில் இருப்பது அலமாரியில் இருந்தது. அதை நான் எப்போது வாங்கினேன் என்று நோட்டில் உண்டு. இது என் நோட்டில் இல்லாத பம்ப். அன்று ஏற்காடு டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் எனக்குத் தலைவலித் தைலம் வாங்கினேன்.

கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "சாருக்கு இப்ப எப்படீங்க இருக்குது? போன வாரம்கூட நீல பம்ப் வாங்கிட்டுப் போனாரு" என்றார்.

"அடிக்கடி வாங்கறாருங்களா?"

"மாசம் ரெண்டு போகுதுங்களே. நீங்கதான் அனுப்பறீங்கன்னு நெனச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்கம்மா, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தத் தலையாட்டல் எனக்கு உறுத்தியது. நான் பொய் சொல்கிற பழக்கம் இல்லாதவள்.

மறுநாள் ஞாயிறு. அவர் டியூட்டிக்குப் போயிருந்தார். வெளியே நாள் முழுக்க மூடுபனி, எதிரில் இருந்த சவுக்கு மரமே தெரியவில்லை. மருந்து நோட்டையும் டைரியையும் எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இத்தனை மாதத்தில் அதை நான் ஒரு தடவையும் செய்ததில்லை. மருந்து சம்பந்தமானது மருந்து நோட்டில், வீடு சம்பந்தமானது டைரியில் என்று பிரித்து வைத்திருந்தேன்.

டைரியில் ஜனவரி நடுவில் இருந்தது: 'அவருக்குக் குரல் கட்டியிருக்கிறது. பொங்கல் கூட்டம். கத்திக் கத்தி.' ஒரு வாரம் கழித்து: 'குரல் இன்னும் சரியில்லை. குழம்பு காரம் என்று தள்ளிவிட்டார். வாய்ப்புண். நாக்கில் வெள்ளையாக இருக்கிறது. மணத்தக்காளிக் கீரை.' அதற்கடுத்த நாட்களில் மூன்று தடவை மணத்தக்காளி. பிப்ரவரி ஆரம்பத்தில்: 'வாய்ப்புண் ஆறிவிட்டது. குரலும் தெளிந்துவிட்டது. கீரைக்குக் கேட்டது.'

மருந்து நோட்டில் அதே நாட்களுக்கு நேராக, காலை டிக், மாலை டிக். குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. வாய்ப்புண் ஆறி மூன்று வாரத்தில் அளவு இறங்கத் தொடங்கியிருந்தது.

நான் அப்போதும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொள்ள விரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, செருப்பில்லாமல் பின்னறைக் கதவருகே போய் நின்றேன். கதவு ஒரு கையகலம் திறந்திருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்து நின்றார். டப்பியைத் திறந்தார். நெம்பைத் தள்ளினார். 'டக்.' வாயில் வைக்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து ஜன்னல் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். விளிம்பில் விழுந்த தூளை வாயால் ஊதினார். டப்பியை மூடி அலமாரியில் வைத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "பார்த்துட்டியா" என்றார், ஒரு பாரத்தை இறக்கி வைத்தது போல.

"எத்தனை நாளா?"

"எதுக்கு? நோட்டுல எழுதறதுக்கா?"

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போகவில்லை.

"அப்ப இருந்துதான்" என்றார். "அந்த வாய்ப்புண் வந்தப்ப இருந்து. சோறு வெச்சா எரியும், டீ பட்டா எரியும். அதுகூடப் பரவால்ல புள்ள. குரல் போச்சு. பொங்கல் லீவுல பஸ் நிறைய டூரிஸ்ட்டு. 'நாகலூர், நாகலூர்'ங்கறேன், சத்தமே வரலை. ஒரு பையன் கேக்கறான், 'கண்டக்டருக்கு சார்ஜ் தீந்து போச்சா'ன்னு. பஸ்ஸே சிரிக்குது. டிப்போல ஒருத்தன் சொன்னான், அது ஸ்டீராய்டு, பழகிட்டா உடாது, உள்ள எல்லாத்தையும் அரிச்சிடும்னு. நிறுத்திப் பார்த்தேன். நாலு நாள்ல வாய் ஆறிப்போச்சு. மூச்சும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் எதுக்கு?"

"நல்லா இருந்தது அதுவரைக்கும் இழுத்த மருந்துனாலங்க."

"இப்ப சொல்ற."

"டாக்டரம்மா வாயைக் கொப்பளிக்கச் சொன்னாங்களே. கொப்பளிச்சீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காலைல அஞ்சு மணிக்கு அந்தக் குழாய்த் தண்ணியையா? இளைப்புக்காரன் பச்சத்தண்ணிய தொண்டைக்குக் கொண்டு போவானா? எங்கம்மா ஐப்பசி பொறந்தா தண்ணிப் பானைகிட்டயே உடமாட்டா. நீ மட்டும் என்ன, நீயும் சுடுதண்ணிதான் பிளாஸ்க்குல ஊத்திக் குடுக்கற."

அது உண்மை. எங்கள் மலையில் இளைப்பு உள்ளவர்களுக்குப் பச்சைத்தண்ணீர் ஆகாது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த சட்டம். ஐந்து மணிக்குக் குழாயில் வரும் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வலிக்கும். அவர் கொப்பளிக்கவே இல்லை, ஒருநாளும். மருந்துத் தூள் நாக்கிலும் தொண்டையிலும் தங்கித் தங்கிப் புண்ணாகியிருக்கிறது. அதே ஐந்து மணிக்கு, பத்தடி தள்ளி, அவர் பிளாஸ்க்குக்கு நான் வெந்நீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டம்ளர் கொண்டுபோய் நீட்டியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. மருந்து, நேரம், எண், அளவு எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டவள் கொப்பளிப்பதற்குப் போடவில்லை. கதவருகே நிற்கும்போது சொன்னது மருந்தோடு சேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை.

"சரி, உடுங்க. எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? எதுக்கு அந்தச் சத்தம்? எதுக்குக் கவுத்துக் கொட்டணும்?"

"சொன்னா உடுவியா நீ? அங்க நின்னுட்டுக் காது குடுத்துட்டே இருப்ப. டக்குனு சத்தம் வந்தாத்தான் உனக்கு அன்னிக்கு விடியும். அந்த நம்பரு வேற. நான் அந்த டப்பிக்குப் பயப்படலை புள்ள, அந்த நோட்டுக்குத்தான் பயந்தேன்."

இதைச் சொல்லும்போது அவருக்கு இளைத்தது. பேச்சின் நடுவே நின்று நின்று மூச்சு வாங்கினார். பையிலிருந்து நீல பம்பை எடுத்து என் முன்னாலேயே அடித்துக்கொண்டார்.

டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "வியாழக்கிழமை டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லாத" என்றார். "ஒவ்வொரு தடவையும் எத்தனை ஒழுங்குன்னு மெச்சினாங்க. அவங்க முன்னாடி களவாணி மாதிரி நிக்கணும். இன்னிக்கு சாயங்காலத்துல இருந்து ஒழுங்கா இழுக்கறேன். அவங்க குடுக்கறதைக் குடுக்கட்டும்."

"தினமும் மாத்திரை குடுப்பாங்க. உங்களுக்குச் சர்க்கரை."

"குடுக்கட்டும்."

அந்த மூன்று நாளும் நான் சொல்வதா வேண்டாமா என்று அலைந்தேன். ஆபீசில் மஸ்டரில் ஒருத்தியின் வருகையை இன்னொருத்தி வரியில் போட்டுவிட்டு அடித்தேன். அவருக்காக மட்டும் யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். அந்த நோட்டைப் பயிற்சி டாக்டர்களிடம் காட்டினார்களே, அதுவும் என் மனதில் இருந்தது. ஆறு மாதப் பக்கங்கள், ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. மழைமானி விஷயத்தில் வாட்ச்மேனை நம்பாத நான், கணவரின் மூச்சு விஷயத்தில் ஒரு சத்தத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இதைச் சேலத்தில் போய் நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் இரண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும். அவர் இனிமேல் ஒழுங்காக இழுத்தால் மாதக்கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்றும் தோன்றியது. ஆனால் வேண்டாத மாத்திரை அவர் உடம்பில் தினமும் இறங்கும். அதற்கு என் டிக்குகள்தான் அத்தாட்சி.

வியாழனன்று டாக்டர் வழக்கம்போல நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். புரட்டினார், ஊதிய அளவுகளைப் பார்த்து உதட்டைக் கடித்தார், மருந்துச்சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். என் கணவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்த நோட்டை நம்பாதீங்க" என்றேன்.

பேனா நின்றது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. நான் கணவரைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சத்தம், ஜன்னல், வாய்ப்புண், பச்சைத்தண்ணீர், நீல பம்ப் மாதம் இரண்டு.

டாக்டர் என் கணவரைப் பார்த்து, "நாக்கை நீட்டுங்க" என்றார். பார்த்தார். "இப்ப நல்லா இருக்கு. அப்ப நான் பார்த்திருக்கணும். ஒரு தடவைகூட வாயைத் திறக்கச் சொல்லலை. நோட்டைப் பார்த்தேன், உங்களைப் பார்க்கலை." கொஞ்சம் நிறுத்தி, "இதுல எது உங்களை நிறுத்த வெச்சது? புண்ணா, குரலா, பயமா?" என்று கேட்டார்.

"குரல்தாங்க மொதல்ல" என்றார் அவர். "கண்டக்டருங்க நானு."

"கண்டக்டர்னு எழுதியிருக்கு. நான் யோசிக்கலை." டாக்டர் டப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். "எங்க, எனக்கு முன்னாடி ஒரு தடவை இழுத்துக் காட்டுங்க."

என் கணவர் நெம்பைத் தள்ளி, டப்பியை வாயில் வைத்து, அதற்குள்ளேயே முதலில் ஊதி, பிறகு மெல்ல இழுத்தார். டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். முதல் இரண்டு மாதமும் இவர் பாதி மருந்தைத்தான் எடுத்திருப்பார் போலிருக்கிறது என்றார். அதற்கே அவ்வளவு கேட்டிருக்கிறது.

"எங்ககிட்ட இந்த மருந்தைப் பத்தி நல்ல நல்ல கட்டுரை எல்லாம் வரும்" என்றார். "அதுல எல்லாரும் ஒழுங்கா இழுப்பாங்க. அங்க நர்ஸு பக்கத்துல நின்னு பார்ப்பாங்க. இங்க ஏற்காட்டுல காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி எப்படி இருக்கும்னு அதுல எழுதியிருக்காது." பிறகு நர்ஸைக் கூப்பிட்டார். டப்பிக்கு வெளியே முழுமூச்சையும் விட்டுவிட்டு, வாயில் வைத்து, ஒரே இழுப்பாக, பத்து எண்ணும்வரை அடக்கி. நாலு தடவை காலி டப்பியில் செய்யவைத்தார்கள். பல் விளக்குவதற்கு முன்னால் இழுக்கச் சொன்னார்கள், அப்போது எப்படியும் வாய் கழுவித்தான் ஆக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எழுதிக்கொண்டிருந்த மாத்திரைச் சீட்டைக் கிழித்துவிட்டு, பழைய வீரியத்திலேயே டப்பியை எழுதினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வேறொரு கண்டக்டர். "என்னண்ணா, இன்னிக்கு எங்க சீட்டுல உக்காந்துட்டு ஓசிப் பயணமா?" என்று கேட்டார். என் கணவர் சிரிக்கவில்லை. மேலே வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னார். "டாக்டரம்மா முன்னாடி உரிச்சுப் போட்டுட்டியே."

"நோட்டைத்தான் சொன்னேன். உங்களைச் சொல்லலை."

"நோட்டு வேற, நான் வேறயா? போன வாரம் வரைக்கும் ஒண்ணாத்தான இருந்துச்சு உனக்கு."

நாலு நாள் பேசவில்லை. டைரியில் நாலு நாளும் 'பேசவில்லை' என்று எழுதியிருக்கிறது. ஐந்தாம் நாள் காலை பின்னறை வாசலில் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். வந்து பார்த்தபோது சொம்பு காலியாக இருந்தது. நோட்டை எடுத்தேன். அவர் பின்னால் வந்து அதன்மேல் கை வைத்தார்.

"இது வேண்டாம் புள்ள. நான் இழுத்தேனா இல்லையான்னு நானே அவங்ககிட்டச் சொல்லிக்கறேன்."

அன்றிலிருந்து எழுதவில்லை. எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை எழுதினால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். டப்பியின் எண்ணைக்கூடப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

டிசம்பரில் போனபோது டாக்டர் அறையில் அவர் குழாயை ஊதினார். முந்நூற்று எழுபது. குரல் லேசாகக் கரகரத்தது, வாய்ப்புண் இல்லை. நீல பம்ப் ஒன்றே இரண்டு மாதம் வந்திருந்தது. டாக்டர் அவரிடம், "இழுக்கறீங்களா?" என்று கேட்கவில்லை, "எத்தனை நாள் விடறீங்க?" என்று கேட்டார்.

"வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் உட்டுப் போகுதுங்க" என்றார் அவர் சாதாரணமாக. "சாயங்கால டிரிப் லேட்டானா வந்து படுத்துடறேன்."

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். கடிந்துகொள்ளவில்லை. டப்பியைப் பையிலேயே வைத்துக்கொண்டு கடைசி ஸ்டாப்பில் இழுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். ஆறு மாதம் ஒன்றுவிடாமல் டிக் இருந்த நோட்டோடு அந்த நாற்காலியில் நான் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அவர் வாயால் வந்த உண்மை எனக்குப் பயமாக இருந்தது.

மார்கழியில் ஒரு தடவை வந்தது. மத்தியானம், நாகலூர் ஸ்டாப்பில் இறங்கியதும் மூச்சு இறுகி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பம்ப் அடித்துக்கொண்டாராம். கால்மணி நேரத்தில் அடங்கிவிட்டது. வண்டி காத்திருந்தது, ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் சோறு போட்டு உட்காரும்போது அவராகவே சொன்னார். முன்பு இப்படி எத்தனை நடந்திருக்கும், எதுவும் எனக்குச் சொல்லப்பட்டதில்லை.

அதற்கு முந்தின இரண்டு நாள் அவர் இழுத்தாரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அடுத்த தடவை சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்று தோன்றியது. கேட்காவிட்டால் வாரத்தில் விட்டுப் போகும் இரண்டு நாள் மூன்றாகி, நாலாகிவிடுமோ என்றும் தோன்றியது. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சு சீராகத்தான் இருந்தது.